நெருக்கடியில் ஐரோப்பா: நெம்மேலிக் கரையிலிருந்து ஒரு பார்வை

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளத்தைத் தாண்டி மாமல்லபுரம் போகிற வழியில், கடலை ஒட்டி நிற்கிறது நெம்மேலி கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம். இங்குள்ள முதல் ஆலை 2013 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தரக்கூடியது. ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த 2019ஆம் ஆண்டில் பக்கத்திலேயே இரண்டாவது ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இதன் திறன் 15 கோடி லிட்டர். 2024 பிப்ரவரி 24 அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் திறந்துவைத்தார். தென்சென்னையில் குடங்களில் நிறைகிற தண்ணீரில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்தில் கணிசமான தொகை ஜெர்மனி அரசின் வளர்ச்சி வங்கியான கே.எஃப்.டபிள்யூ. கொடுத்த கடன்.

திறப்பு விழா நடந்த அதே நாளில் உக்ரைன் போர் மூன்றாம் ஆண்டில் கால் வைத்தது. தேதி ஒத்துப்போனது தற்செயல்தான். ஆனால் பெர்லினில் பட்ஜெட் போடுகிறவர்களின் மேசைக்கு இரண்டு செலவும் சேர்ந்தேதான் வருகின்றன. தன் எல்லையைக் காக்க எவ்வளவு ஒதுக்குவது? தொலைவில் இருக்கும் கூட்டாளிக்குக் கொடுத்த சொல்லைக் காக்க எவ்வளவு? ஐரோப்பிய ஜனநாயக நாடுகளின் வெளியுறவுக் கொள்கை இன்று மாட்டிக்கொண்டிருக்கும் சிக்கலின் நடுமுடிச்சு இதுவே. வல்லரசுகளுக்கு இடையே நெருக்கப்படும்போது ஐரோப்பா முதலில் எதை விட்டுக்கொடுக்கிறது என்பதைச் செங்கல்பட்டு மாவட்டத்தின் இந்தக் கரை ஏற்கெனவே இரண்டு முறை பார்த்திருக்கிறது.

முதலில் பணத்தின் கதை. கே.எஃப்.டபிள்யூ. 1948இல் தொடங்கப்பட்டது. போரில் இடிந்துபோன ஜெர்மனியை அமெரிக்காவின் மார்ஷல் திட்ட நிதியைக் கொண்டு எடுத்துக்கட்டுவதே அன்று அதன் வேலை. பிற்காலத்தில் மற்ற நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் வங்கியாக வளர்ந்தது. 2022 மே மாதம் பெர்லினில் பிரதமர் மோடியும் அன்றைய ஜெர்மனி அதிபர் ஓலாஃப் ஷோல்ஸும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, பசுமைத் திட்டங்களுக்காக 2030க்குள் குறைந்தது 1,000 கோடி யூரோவை இந்தியாவுக்குத் தருவதாக ஜெர்மனி சொன்னது. இதில் பெரும்பகுதி திருப்பிக் கட்ட வேண்டிய கடன், தானம் அல்ல. ஆனாலும் குறைந்த வட்டியில் நீண்டகாலக் கடன் கிடைப்பது ஒரு மாநில அரசுக்குச் சின்ன விஷயமில்லை.

நெம்மேலி போன்ற ஆலைக்கு அந்தத் தவணைக் காலம் ஏன் முக்கியம் என்பது உள்ளே நடப்பதைப் பார்த்தால் புரியும். கடலுக்குள் நீளும் குழாய் வழியாக இழுக்கும் நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. மணலையும் பாசியையும் எண்ணெய்ப் பசையையும் பல கட்டங்களில் வடித்தெடுத்த பிறகு, கார் டயரில் இருப்பதைப்போல 25 மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் அந்த நீரைச் சவ்வுகளின் வழியே தள்ளுகிறார்கள். பாதிக்கும் குறைவானதே குடிநீராகிறது. மிச்சம் அடர்ந்த உவர்நீராகக் கடலுக்கே போகிறது. அதனாலும் கரை அரிப்பாலும் தங்கள் பிழைப்பு கெடுவதாக ஆலையை ஒட்டிய சூளேரிக்காட்டுக்குப்பம் மீனவர்கள் முதல் ஆலை வந்த காலத்திலிருந்தே முறையிட்டு வருகிறார்கள். இப்படிப்பட்ட ஆலைகளில் ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீர் எடுக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் செலவாகும். சவ்வையும் அவ்வப்போது மாற்றியாக வேண்டும். கட்டி முடித்ததும் செலவு முடிந்துவிடும் வகையைச் சேர்ந்ததல்ல இது.

இப்போது ஐரோப்பாவின் பக்கம் பார்ப்போம். 2021இல் ஜெர்மனி இறக்குமதி செய்த எரிவாயுவில் பாதிக்கும் மேல் ரஷ்யாவிலிருந்து வந்தது. வியாபாரம் நெருங்கினால் பகை குறையும் என்று பல ஆண்டுகள் நம்பினார்கள். 2022 பிப்ரவரியில் அந்த நம்பிக்கை நொறுங்கியது; அடுத்த சில நாட்களிலேயே ராணுவத்துக்கென 10,000 கோடி யூரோ தனி நிதியை ஷோல்ஸ் அறிவித்தார். 2025 மார்ச்சில் பாதுகாப்புச் செலவுக்காக அரசியல் சாசனத்தின் கடன் வரம்பையே தளர்த்தினார்கள். அதே ஆண்டு ஜூனில் தி ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035க்குள் பாதுகாப்புக்கும் அது சார்ந்த செலவுகளுக்கும் உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதம் ஒதுக்குவதாக ஒப்புக்கொண்டன.

இந்தப் பணம் எங்கிருந்தோ வந்தாக வேண்டும். பிரிட்டன் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டது: வெளிநாட்டு உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவீதத்திலிருந்து 2027இல் 0.3 ஆகக் குறைத்து, அதைப் பாதுகாப்புக்குத் திருப்பப் போவதாக 2025 பிப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர் அறிவித்தார். நெதர்லாந்தும் பிரான்ஸும் உதவியை வெட்டின. ஜெர்மனியின் வளர்ச்சி உதவி அமைச்சகத்துக்கு 2024இல் கிடைத்த சுமார் 1,120 கோடி யூரோ, 2025இல் ஏறக்குறைய 1,030 கோடியாகச் சுருங்கியது.

ஜனநாயக நாடு என்பதால் இதில் இன்னொரு நெருக்கடியும் சேர்கிறது. 2024 தொடக்கத்தில், டீசல் மானிய வெட்டை எதிர்த்து ஜெர்மனி விவசாயிகள் டிராக்டர்களோடு தெருவுக்கு வந்தபோது, பெரு நாட்டின் சைக்கிள் பாதைகளுக்கு அரசு கோடி கோடியாகக் கொட்டுகிறது என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. பரவிய தொகை உண்மையைவிடப் பல மடங்கு பெரியது. இருந்தும் அடுத்த ஆண்டுத் தேர்தல் வரை அந்தப் பேச்சு ஓயவில்லை. அந்தத் தேர்தலில் தீவிர வலதுசாரி ஏ.எஃப்.டி. கட்சி 20.8 சதவீத வாக்குடன் இரண்டாம் இடம் பிடித்தது. தென்சென்னைக்குத் தண்ணீர் கொடுப்பதால் தனக்கு என்ன லாபம் என்று ஒரு ஜெர்மனி வாக்காளர் கேட்டால், அது நியாயமான கேள்வியே. அதற்குப் பொறுமையாகப் பதில் சொல்லும் அரசியல்வாதிகள் அங்கே குறைந்துகொண்டே வருவதுதான் கவலை.

இந்தக் கரை பார்த்த இரண்டில் முதலாவது இது: நெம்மேலியிலிருந்து வடக்கே சற்றுத் தொலைவில் உள்ள கோவளத்தில் 300 ஆண்டுகளுக்கு முன் இன்னொரு ஐரோப்பியக் கொடி பறந்தது. இன்றைய பெல்ஜியத்தில் உள்ள ஆஸ்டெண்ட் துறைமுக வணிகர்களின் கம்பெனிக்கு ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸ் 1722இல் பட்டயம் வழங்கினார். சோழமண்டலக் கரையில் அந்தக் கம்பெனியின் தளம் கோவளம். வியாபாரம் நன்றாக நடந்தது; அதுவே ஆங்கிலேயர்களுக்கும் டச்சுக்காரர்களுக்கும் கண்ணை உறுத்தியது. சார்லஸுக்கோ வேறு கவலை. ஆண் வாரிசு இல்லாததால், மகள் மரியா தெரேசா பட்டத்துக்கு வருவதை மற்ற அரசுகள் ஏற்க வேண்டும் என்று கையெழுத்துகளைத் திரட்டிக்கொண்டிருந்தார். 1727இல் கம்பெனியை நிறுத்திவைத்தார். 1731இல் பிரிட்டனின் ஒப்புதலுக்கு விலையாக அதை அடியோடு கைவிட்டார். 1740இல் அவர் இறந்ததும், முன்பு ஒப்புதல் கொடுத்திருந்த பிரஷ்யா இரண்டே மாதத்தில் சைலீசியா மீது படையெடுத்தது. பிரிட்டன் மரியா தெரேசாவுக்குப் பணம் கொடுத்து உதவியது உண்மை. ஆனால் சைலீசியா போனது போனதுதான். அணு ஆயுதங்களைக் கைவிட்டதற்கு ஈடாக உக்ரைன் 1994இல் புடாபெஸ்ட்டில் பெற்ற உறுதிமொழிகளின் கதியை அறிந்தவர்களுக்கு இது பழங்கதையாகத் தோன்றாது.

பாதுகாப்புக்காக வணிகத்தை விட்டுக்கொடுத்த சார்லஸின் வழி இன்றும் மறையவில்லை. 2025 ஜூலையில் ஸ்காட்லாந்தின் டர்ன்பெரியில், தன் ஏற்றுமதிகளில் பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்கா 15 சதவீத வரி போடுவதை ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்டது. பாதுகாப்புக்கு வாஷிங்டனை நம்பியிருப்பவர்களால் வரிப் பேச்சில் கடைசிவரை முறுக்கிக்கொண்டு நிற்க முடியவில்லை.

இந்தக் கரையின் இரண்டாவது அனுபவம் தெற்கே கல்பாக்கத்தில். பிரான்ஸின் கடராஷ் ஆய்வு மையத்தில் இருந்த ராப்சோடி உலையை முன்மாதிரியாகக் கொண்டு இங்கே வேக ஈனுலை அமைக்க 1969இல் ஒப்பந்தமானது. இந்தியப் பொறியாளர்கள் அங்கே போய்ப் பயிற்சி பெற்றார்கள். 1974 மே மாதப் பொக்ரான் சோதனைக்குப் பிறகு, அந்த உலைக்கு வேண்டிய செறிவூட்டிய யுரேனியம் பிரான்ஸிலிருந்து வரவில்லை. இந்திய விஞ்ஞானிகள் புளூட்டோனியம், யுரேனியம் கலந்த கார்பைடு எரிபொருளைத் தாங்களே உருவாக்கினார்கள். உலகில் வேறு யாரும் ஒரு உலையை முதன்மையாக அதைக் கொண்டு ஓட்டியிருக்கவில்லை. 1985 அக்டோபர் 18 அன்று உலை இயங்கத் தொடங்கியது. 1982இல் அமெரிக்கா கைவிரித்தபோது தாராப்பூர் அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் தர முன்வந்ததும், 1998 சோதனைக்குப் பிறகு தடை விதிக்க மறுத்ததும் இதே பிரான்ஸ் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தன் காலில் நிற்கும் திறன் கூடக் கூட, பிரான்ஸின் வாக்குறுதியும் நம்பத்தக்கதாக ஆனது.

உக்ரைன் விஷயத்தில் இந்தியா தங்கள் பக்கம் நிற்கவில்லை என்ற வருத்தம் ஐரோப்பியத் தலைநகரங்களில் உண்டு. போருக்கு முன் இந்தியா வாங்கிய கச்சா எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு மிகச் சிறியது. 2023இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. அதைச் சுத்திகரித்த டீசலை ஐரோப்பாவே வாங்கவும் செய்தது. ஐரோப்பாவின் பிரச்சினை உலகத்தின் பிரச்சினை, உலகத்தின் பிரச்சினை ஐரோப்பாவுடையதல்ல என்கிற மனப்போக்கை விட வேண்டும் என்று 2022 ஜூனில் பிராடிஸ்லாவாவில் வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் சொன்னதை அங்கே இன்னும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதேசமயம், படையெடுப்பைச் சந்தித்த ஒரு நாட்டின் துயரம் இந்தியாவுக்கும் பொருட்டாக இருக்க வேண்டும். கல்வானில் வீரர்களை இழந்த நாட்டுக்கு எல்லையின் அருமை தெரியாமல் இருக்காது.

ஒன்றியத்தின் வெளியுறவு முடிவுகளுக்கு 27 நாடுகளும் தலையசைக்க வேண்டும் என்ற விதியும் தலைவலியாக இருக்கிறது. 2023 டிசம்பரில் உக்ரைனை ஒன்றியத்தில் சேர்ப்பதற்கான பேச்சைத் தொடங்க, எதிர்ப்பில் இருந்த ஹங்கேரி பிரதமர் ஓர்பான் அறையை விட்டு வெளியே போயிருந்த நேரத்தில் மற்ற 26 பேரும் முடிவெடுத்தார்கள். வெளியிலிருந்து கையெழுத்துக்குக் காத்திருக்கும் நாடுகளுக்கு இது நம்பிக்கை தரும் காட்சி அல்ல.

இந்தியாவுக்கும் அந்தக் காத்திருப்பு பழக்கமானதே. தடையற்ற வணிக ஒப்பந்தப் பேச்சு 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மறுபடி உயிர்பெற்றது. 2026 ஜனவரியில் பேச்சு முடிந்துவிட்டதாக டெல்லியில் அறிவித்தார்கள். அமெரிக்க வரி 2025 ஆகஸ்டில் 50 சதவீதமாக ஏறியபோது திணறிய திருப்பூருக்கு இது பெரிய ஆறுதல். வங்கதேசத்தின் பின்னலாடை வரியே இல்லாமல் நுழையும் ஐரோப்பியச் சந்தையில், திருப்பூர்ச் சரக்குக்கு 12 சதவீதம் வரை வரி. ஆனால் பேச்சு முடிந்தால் போதாது. தென் அமெரிக்காவின் மெர்கோசூர் கூட்டமைப்போடு 25 ஆண்டுகள் பேசி 2024 டிசம்பரில் எட்டிய ஒப்பந்தம், பிரெஞ்சு விவசாயிகளின் எதிர்ப்பில் எப்படி அல்லாடியது என்பதை ஏற்றுமதியாளர்கள் கவனித்திருப்பார்கள். 720 உறுப்பினர் கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் இந்திய ஒப்பந்தமும் நடைமுறைக்கு வராது.