நோய் தீர்ந்தும் தீராக் கடன்

நோய் உடலை வருத்துவதோடு அமைவதன்று. இல்லத்தின் பொருளையும் உடன் அரிப்பது. முன்னாளிற் புற்றுநோயுற்றோர் பிழைத்தல் அரிது. இன்றோ அறுவை வைத்தியமும் கதிர்ச் சிகிச்சையும் புதிய மருந்துகளும் பலரை மீட்டுத் தருகின்றன. அங்ஙனம் மீண்டோருள் உழைக்கும் வயதினர் பிறிதொரு துன்பத்துக்கு ஆளாகின்றனர். மருந்து உடலிற் செய்யும் கேட்டினை நச்சுத்தன்மை என வழங்கும் வைத்திய அறிஞர், சிகிச்சைச் செலவு வாழ்விற் செய்யும் கேட்டினைப் 'பொருளாதார நச்சுத்தன்மை' என வழங்கலாயினர்.

இத்துன்பம் உழைப்போரை மிகுதியாகத் தாக்குதற்குக் காரணம் யாது? அமெரிக்க ஐக்கிய நாட்டை எடுத்துக்கொள்வோம். அங்கு 65 வயதெய்தியோருக்கு 'மெடிக்கெயர்' என்னும் அரசாங்கக் காப்புறுதி உண்டு. அவ்வயதிற் குறைந்தோருட் பெரும்பாலார் தம் தொழில் வாயிலாகவே காப்புறுதி பெறுகின்றனர். எனவே, நோயினால் தொழிலை இழப்பவர் ஊதியத்தோடு காப்புறுதியையும் இழக்கும் நிலை நேர்கின்றது. செலவு பெருகும் வேளையிலேயே வரவு அருகுகின்றது. பிள்ளைகளின் கல்வியும் வீட்டுக் கடனும் காத்திருப்பதில்லை. சேமிப்போ பெரும்பாலும் சிறிது. 1993ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்கு 12 வாரம் வேலையிழவாது விடுப்புப் பெறும் உரிமையை அளித்ததாயினும், அவ்விடுப்பு ஊதியமற்றது. 50 பேரிற் குறைந்த தொழிலாளரைக் கொண்ட தனியார் தாபனங்களை அச்சட்டம் கட்டுப்படுத்துவதுமில்லை. சிகிச்சையோ பலருக்குப் பல திங்கள் நீள்வது.

வாசிங்டன் மாநிலத்தில் நிகழ்ந்து 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வு, புற்றுநோயுற்றோர் ஏனையோரிலும் 2.65 மடங்கு மிகுதியாக வங்குரோத்து நிலையை அடைந்தனர் எனக் காட்டிற்று. நோயுற்றோருள்ளும் இளையோரே முதியோரிலும் பன்மடங்கு மிகுதியாக அந்நிலையெய்தினர். 2016இல் வெளிவந்த தொடர் ஆய்வோ, வங்குரோத்தானவரிடையே இறப்பும் மிகுதி என்று கண்டது. வறுமையே இறப்பிற்குக் காரணம் என்று இதனால் முடிவுகட்டல் பொருந்தாது. கடிய நோயே இரண்டனுக்கும் காரணமாதல் கூடும். ஆயினும் செலவுக்கஞ்சி மருந்தைக் குறைப்பாரும் வைத்தியரைக் காணாது விடுவாரும் உளர் என்பது அறியப்பட்டதொன்றாதலின், பணமுடை உயிருக்கும் ஊறு செய்யும் என ஐயுறுதல் தகும்.

பரிகாரங்கள் சில தோன்றியுள்ளன. அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 2014 முதல், முன்னர் நோயுற்றமை காட்டிக் காப்புறுதியை மறுத்தல் ஆகாது. பிரான்சு நாட்டில் 2016ஆம் ஆண்டுச் சட்டம், சிகிச்சை முடிந்து நோய் மீளாதிருந்து 10 ஆண்டு கழிந்தோர், கடனுக்குரிய காப்புறுதி பெறுகையிற் பழைய நோயை வெளியிடவேண்டியதில்லை என விதித்தது. 2022இல் அக்காலம் 5 ஆண்டாகக் குறைக்கப்பட்டது. 'மறக்கப்படும் உரிமை' என்பது அதன் பெயர்.

நம் நாட்டில் மகரகமவிலும் தெல்லிப்பழையிலும் அரசினர் வைத்தியசாலைகள் புற்றுநோய்க்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கின்றன. இது பெரும் பேறே. எனினும், அன்றாடக் கூலிக்கு உழைப்பவர் இழந்த நாட்கூலியை இலவச மருந்து ஈடுசெய்வதில்லை, உடன்செல்லும் உறவினரின் வேலையும் கெடுகின்றது, வழிச்செலவும் உளது. ஆகவே, நோயை நீக்குதலோடு வைத்தியத்தின் கடமை முடியலாம். சமுதாயத்தின் கடமை முடிவதில்லை. மீண்டவர் மறுபடியும் தம் தொழிலில் நின்று, பிறர் கையை எதிர்பாராது வாழும் நாளே அவர் முற்றும் குணமடைந்த நாளாகும்.