ஒரே சம்பள அட்டவணை, ரெண்டு சம்பளம்

ஐ.டி. சம்பளம் பத்தின எபிசோடைக் கேட்டுட்டு ஒருத்தர், "காலேஜ் வாத்தியார் வேலையில ஆண், பெண் வித்தியாசமே கிடையாது ப்ரோ, எல்லாருக்கும் ஒரே ஸ்கேல்"னு எழுதியிருந்தார். எங்க வீட்டுக் கணக்கைப் பார்க்கிற வரைக்கும் நானும் அப்படித்தான் நினைச்சேன்.

என் சித்தி, சித்தப்பா ரெண்டு பேருமே நாமக்கல் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரிகள்ல 2008ல உதவிப் பேராசிரியரா சேர்ந்தாங்க. இன்னிக்கு சித்தப்பா இணைப் பேராசிரியர். சித்தி அதே உதவிப் பேராசிரியர்தான்.

யு.ஜி.சி.யோட 2018 விதிகளைப் படிச்சுப் பார்த்தேன். உதவிப் பேராசிரியர் பதவிக்குள்ளேயே மூணு படி இருக்கு. ஆரம்ப அடிப்படைச் சம்பளம் லெவல் 10ல 57,700 ரூபாய், 11ல 68,900, 12ல 79,800. அடுத்தது 13ஏ, அதாவது இணைப் பேராசிரியர்: 1,31,400. முன்னாடி படிகள்ல சுமார் 11,000 ரூபாய்தான் கூடுது. இந்த ஒரு படியில மட்டும் 51,600!

சரியா அந்தப் படியிலதான் பி.எச்டி. கட்டாயம். அது இல்லாம எத்தனை வருஷம் பாடம் நடத்தினாலும் மேல போக முடியாது.

கோட்ல 'பாலினம்'னு ஒரு வேரியபிளே இல்லை. ஆனா அவுட்புட் வேற வருது. ஏன்னா பி.எச்டி. பண்ற வயசும் குழந்தை வளர்க்கிற வயசும் ஒண்ணு. சித்தப்பா சனிக்கிழமையானா சேலம் போய், அங்கிருந்து பஸ் மாறி, கருப்பூர்ல பெரியார் பல்கலைக்கழகத்துல கைடைப் பார்த்துட்டு வருவார். வீட்டுல பையனைப் பார்த்துக்கிட்டது சித்தி. "ரெண்டு பேரும் ஒரே சமயத்துல எப்படி கண்ணு படிக்கிறது?"ன்னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியலை.

விதியில சலுகையே இல்லைன்னு சொல்ல முடியாது. பி.எச்டி. முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலா ரெண்டு வருஷம் உண்டு. ஆனா அது படிப்புக்கான அவகாசம் மட்டும்தான். பட்டம் ரெண்டு வருஷம் தள்ளிப்போனா, 13ஏ சம்பளமும் தள்ளிப்போகும்.

2020-21ல நாடு முழுக்க உயர்கல்வி ஆசிரியர்கள்ல சுமார் 43 சதவீதம் பெண்கள். பேராசிரியர் பதவியில அந்தப் பங்கு குறைஞ்சிடுது.

பையன் இப்போ காலேஜ் போயிட்டான். சித்தி போன வருஷம் பி.எச்டி.க்குப் பதிவு பண்ணியிருக்காங்க. சனிக்கிழமை சமையல் சித்தப்பா. உங்க வீட்டுல யார் முதல்ல படிக்கிறதுன்னு பேச்சு வந்தா, இந்த 51,600ஐயும் சேர்த்துப் பேசுங்க.