வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி வாங்கலாமா? லைசென்ஸ் முதல் தோட்டா வரை... சட்டம் சொல்வது என்ன?

பூட்டிய வீட்டில் கொள்ளை, தனியாக வசிக்கும் முதியவர்களிடம் நகை பறிப்பு... இப்படி ஒரு செய்தி வந்தாலே, "நாமளும் ஒரு துப்பாக்கி வாங்கி வெச்சுக்கலாமா?" என்ற பேச்சும் கூடவே வந்துவிடுகிறது. திருநீர்மலையில் வசிக்கும் ஒருவர் சட்டப்படி துப்பாக்கி வாங்க முடியுமா? பார்க்கலாம்.

யாரிடம் விண்ணப்பிக்கணும்?

கடைக்குப் போகும் முன் லைசென்ஸ் வேண்டும். திருநீர்மலை தாம்பரம் மாநகர காவல் எல்லையில் வருவதால், காவல் ஆணையர்தான் உரிமம் தருவார். காவல் ஆணையரகம் இல்லாத மாவட்டங்களில் கலெக்டர். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மருத்துவச் சான்று, துப்பாக்கியைக் கையாளும் பயிற்சிச் சான்று, போலீஸ் விசாரணை எல்லாம் உண்டு. உரிமம் 5 ஆண்டுகள் செல்லும். 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது.

எந்தத் துப்பாக்கி?

வங்கி வாசலில் காவலாளி தோளில் பார்ப்போமே, அந்த '12 போர்' ரகம்தான். குழல் குறைந்தது 20 அங்குலம் உள்ள இந்த வகையைப் பாதுகாப்புக்காகக் கேட்டால், மறுக்கக் காரணம் இல்லாதபட்சத்தில் உரிமம் தர வேண்டும் என்கிறது 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையிலும் 12 போர் துப்பாக்கி தயாராகியிருக்கிறது.

தோட்டா?

உரிமத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் வாங்க முடியாது. ஒரு தோட்டாவுக்குள் பல ஈயக் குண்டுகள் இருக்கும்; சுட்டதும் சிதறும். சுவரை ஒட்டி சுவர் இருக்கும் நம்ம தெருக்களில், குறி தவறினால் ஆபத்து பக்கத்து வீட்டுக்கு!

திருடனைச் சுடலாமா?

இரவில் வீட்டை உடைத்து நுழைபவரிடமிருந்து தற்காத்துக்கொள்ளும் உரிமை, உயிர்ச்சேதம் வரைகூடப் போகலாம் என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 41-வது பிரிவு. ஆனால் தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. போலீஸை அழைக்க அவகாசம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது என்கிறது 37-வது பிரிவு. தப்பி ஓடுபவர் முதுகில் சுட்டுவிட்டு, தற்காப்பு என்று சொல்லித் தப்பிப்பது கடினம்.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால்?

2 முதல் 5 ஆண்டுகள் வரை சிறை, கூடவே அபராதம்.

2019 ஆகஸ்டில் நெல்லை மாவட்டம் கடையம் அருகே அரிவாளுடன் வந்த கொள்ளையரை ஒரு முதிய தம்பதி விரட்டியது பிளாஸ்டிக் நாற்காலியால்தான். எல்லோருக்கும் அது முடியாது. ஆனால் வெளியூர் போகும்போது காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதும், சந்தேகம் வந்தால் உடனே 100-க்கு அழைப்பதும் எல்லோராலும் முடியும். அதற்கு லைசென்ஸ் தேவையில்லை!