மரத்துல தொங்கலாம், வர்றீங்களா?

குதிரைக்குச் சேணம் கட்டிப் பார்த்திருப்பீங்க. மனுஷனே சேணம் கட்டிக்கிட்டு மரம் ஏறிப் பார்த்திருக்கீங்களா? அமெரிக்காவின் மிச்சிகன், பென்சில்வேனியா பக்கம் லைசென்ஸ் வாங்கி, வில்லும் அம்புமாக வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போறவங்க பலருக்கு இப்போ 'ட்ரீ சேடில்' மேலதான் கண்ணு.

இடுப்பையும் தொடையையும் தாங்குற பட்டை இருக்கை அது. மரத்தைச் சுத்திக் கட்டின கயிற்றில் மாட்டிக்கிட்டு, மரத்தைப் பார்த்தபடி சாஞ்சு தொங்கணும். கனமான இரும்பு ஸ்டாண்டைச் சுமக்க வேண்டாம். மான் வந்தா அடிமரமே மறைப்பு!

கேட்க ஜாலிதான். ஆனா முதல் நாள்? முட்டி மரப்பட்டையில் உரசும், இடுப்பு கடுக்கும், 'கயிறு தாங்குமா?'ன்னு வயிறு கலங்கும். அந்தப் பயம் நியாயமானதுதான். அங்கே வேட்டைக்காரங்க அடிபட முக்கியக் காரணங்களில் ஒண்ணு, மரத்திலிருந்து விழுறது.

ஆபத்தான நேரம், கயிறு மாத்துற நிமிஷம். ஏறும்போது மரத்தைச் சுத்தி ஒரு கயிறு. மேலே போனதும் தலை உயரத்தில் இன்னொண்ணு. இரண்டாவதை மாட்டி, எடை தாங்குதான்னு பார்த்த பிறகுதான் முதலாவதைக் கழட்டணும். தொங்குற கயிறு தொய்வா இருக்கவே கூடாது. வில்லைக் கையில் பிடிச்சுக்கிட்டு ஏறாம, அப்புறமா கயிறு கட்டி மேலே இழுத்துக்கணும். முதல் பயிற்சியோ, தரையிலிருந்து ஓரடி உயரத்தில்!

முதல் நாள் மான் கண்ணுலயே படாமப் போகலாம். ரெண்டு காலும் பத்திரமா தரைக்கு வந்துச்சா? அப்போ நீங்க பாஸ்!