வரப்புக்கு இரு பக்கம்

ஆடுதுறையில் ஒரு டீக்கடை பெஞ்சு. ஆய்வு மாணவி ஒருத்தி நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்: “சார், வெள்ளாமை எடையெல்லாம் எடுத்தாச்சு. டி டெஸ்ட் போடறதா, அனோவா போடறதா, கை ஸ்கொயரா?”

“நோட்டு இருக்கட்டும்மா. யார் வயல்ல, எதுக்குப் பக்கத்துல எதை நட்டீங்க? அதச் சொல்லு முதல்ல.”

எந்தச் சோதனை என்பது அறுவடைக்குப் பிறகு முடிவாகும் விஷயமே இல்லை. நடவன்றே பாதி முடிவாகிவிடுகிறது. அவளுக்கு நான் சொன்ன உதாரணம் நம் ஊரில் நடந்ததுதான். இன்று திருந்திய நெல் சாகுபடி என்று அழைக்கப்படும் ஒற்றை நாற்று நடவைத் தமிழக அரசு 2003-04இல் காவிரிப் படுகையிலும் தாமிரபரணிப் படுகையிலுமாக 200 விவசாயிகளின் வயல்களில் சோதித்துப் பார்த்தது. ஒவ்வொரு வயலிலும் புது நடவும் வழக்கமான நடவும் பக்கத்துப் பக்கத்தில். ஹெக்டேருக்குச் சராசரியாக 1.5 டன் கூடுதல் மகசூல் கிடைத்தது.

ஏன் பக்கத்துப் பக்கத்தில்? தலைமடை வயலும் கடைமடை வயலும் ஒன்றல்ல. தண்ணீர் வந்து சேரும் நாள் வேறு, மண் வேறு, உப்பு வேறு. தலைமடைக்காரர் புது நடவும் கடைமடைக்காரர் பழைய நடவும் போட்டால், நாம் அளப்பது நடவையா, வாய்க்காலையா?

விளங்குவதற்காக நானே ஐந்து வயல்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். 5க்கு 5 மீட்டர் கயிறு கட்டி அறுத்த எடை. இதில் ஒரு கிலோ என்றால் ஹெக்டேருக்கு 400 கிலோ. பழைய நடவு: 12, 15, 9, 17, 13. அதே வரிசையில் புது நடவு: 14, 17, 12, 19, 15. யாருடையது எது என்பதை மறந்துவிட்டு இரண்டு கும்பலாகப் பிரித்து டி சோதனை போட்டால் மதிப்பு 1.21. வித்தியாசம் உண்டு என்று சொல்ல 2.31 தாண்ட வேண்டும். தாண்டவில்லை. வயலுக்கு வயல் உள்ள ஏற்ற இறக்கம் நடவின் பலனை மூடிவிட்டது.

இப்போது ஒவ்வொரு வயலிலும் கூடியது எவ்வளவு என்று மட்டும் பாருங்கள்: 2, 2, 3, 2, 2. ஐந்து பேருக்கும் கூடியிருக்கிறது. இந்த ஐந்து எண்களை மட்டும் வைத்து இணை டி சோதனை போட்டால் மதிப்பு 11. தாண்ட வேண்டியது 2.78. எடை மாறவில்லை, வயல் மாறவில்லை. வரப்பை நினைவில் வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான்.

டி சோதனை பிறந்ததே இப்படிப்பட்ட கணக்கில்தான். டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலை பார்த்த காசெட், ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் 1908இல் எழுதிய கட்டுரையில் பார்லி விதை வருகிறது. சூளையில் உலர்த்திய விதை, உலர்த்தாத விதை. 1899இல் ஏழு ரகம், 1900இல் நாலு ரகம், ஆக 11 இணைகள்.

அவள் கேட்ட மற்ற சோதனைகள் சுருக்கமாக. மூன்று நாலு நடவு முறைகளை ஒரே சமயத்தில் ஒப்பிட்டால் அனோவா. அங்கேயும் எது யார் வயல் என்பதைக் கணக்கில் சேர்க்க வேண்டும். எடை இல்லாமல் தலையை எண்ணும் கேள்வி என்றால், அதாவது தலைமடையில் எத்தனை பேர் புது நடவைத் தொடர்ந்தார்கள், கடைமடையில் எத்தனை பேர் என்றால், கை ஸ்கொயர்.

அவள் இடைமறித்தாள். “ஒவ்வொரு வயல்லயும் நாலு இடத்துல அறுத்தோம் சார். அப்ப எண்ணிக்கை நாலு மடங்கு ஆகுமில்ல?”

ஆகாது. என்னைப் பெரிதும் உறுத்தும் தவறு இது. அச்சேறிய ஆய்வுகளிலும் பார்க்கிறேன். ஒரு வயலில் நாலு இடத்தில் அறுத்தால் ஒரு விவசாயி நாலு விவசாயி ஆகிவிட மாட்டார். அந்த வயலின் எடை இன்னும் திருத்தமாகத் தெரியும், அவ்வளவே. நாலையும் சராசரியாக்கி ஒரே எண்ணாக வைக்க வேண்டும். இல்லாத சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு போய் விவசாயியிடம் ‘நம்பி நடுங்கள்’ என்று சொல்லக் கூடாது. அவர் போடுவது ஒரு போகத்து முதல்.

நோட்டைத் திறந்தாள். எடைகள் எல்லாம் இருந்தன. ஒரு வயலில் எந்தப் பக்கம் எந்த நடவு என்பது மட்டும் விட்டுப்போயிருந்தது. டீ ஆறுவதற்குள் போனை எடுத்தாள்.

“அண்ணே, வணக்கம். அன்னைக்கு உங்க வயல்ல அறுத்தோமே, வாய்க்கா ஓரமா நட்டது எதுண்ணே?”