கம்ப்யூட்டரிலும் பிசிறு வெட்டணும்!

நம்ம கம்ப்யூட்டர் லேபில் யாரோ இலவச கேம் போட, கூடவே வேண்டாத டூல்பாரும் ஒட்டிக்கிச்சு. கண்ட்ரோல் பேனலில் நீக்கினேன். மறுநாள் பார்த்தா திரும்ப நிக்குது! தன்னை மறுபடி நிறுவும் வேலையை ஷெட்யூல்டு டாஸ்க்கில் அது விட்டுப் போயிருந்தது.

2015-ல் லெனோவா மடிக்கணினிகளில் தெரியவந்த சூப்பர்ஃபிஷும் அப்படித்தான். மென்பொருளை நீக்கினாலும், போலித் தளத்தையும் நம்ப வைக்கும் அதன் சான்றிதழ் தங்கிவிட்டது. தைத்த பனியனில் பிசிறு வெட்டுவது போல மிச்சத்தையும் வெட்டணும்.

சார் அனுமதியோடு நோட்பேடில் பேட்ச் ஃபைல் எழுதினேன். முதலில் புரோகிராமை நிறுத்தணும் (ஓடுற ஃபைலை விண்டோஸ் அழிக்க விடாது). பிறகு அன்இன்ஸ்டால், டாஸ்க், ரெஜிஸ்ட்ரி வரி, கடைசியில் ஃபோல்டர். எல்லா கம்ப்யூட்டருக்கும் இதே ஃபைல்தான்.

முதல் கம்ப்யூட்டரிலேயே ஃபோல்டர் பெயரைத் தப்பா அடிச்சுட்டேன். பிளஸ் டூ அக்காவோட ப்ராஜெக்ட் போச்சு. அக்கா இன்னும் பேசல. கட்டளையில் அழிச்சா ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. இப்போ பெயரைத் திரையில் காட்டி, கேட்டுவிட்டுத்தான் அழிக்கும்படி ஒரு வரி சேர்த்திருக்கேன்.