நாளைக்குத் திறப்பு, இன்றைக்குக் கூத்து!

வாருங்கள், வாருங்கள்! பலகைத் தரை, பார்த்துக் கால் வையுங்கள். சென்னை நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானம். புத்தகக் காட்சி திறக்க ஓர் இரவுதான் பாக்கி. நாளை மாலை இங்கே வந்தால் பளிச்சென்ற விளக்கும் அடுக்கி வைத்த புத்தகமும்தான் கண்ணில் படும். இன்றைக்கோ இது முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரிச் சமையல்கட்டு!

ஒரு பக்கம் ஆணி அடிக்கும் சத்தம். இன்னொரு பக்கம் பெயர்ப் பலகையைத் தலைகீழாக மாட்டிவிட்டு மறுபடி இறக்குகிறார்கள். தலையில் பண்டலோடு ஒருவர் "வழி, வழி!" என்று ஓடுகிறார். எந்த ஸ்டாலுக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது ஒரே கேள்விதான்: "அண்ணே, கத்தி யார்கிட்ட இருக்கு?"

கத்தி கிடைத்ததும் பாருங்கள் வேடிக்கையை! பட்டையை வெட்டினால் பட்டென்று தெறிக்கிறது. பழுப்புத் தாளைப் பிரித்தால் பசை மணம் குப்பென்று ஏறுகிறது. பைண்டிங்கிலிருந்து நேராக வந்திறங்கிய புதுப் புத்தகம். அட்டை இன்னும் படியாமல் மேலே வளைந்து நிற்கிறது. அதன் தலையில் கெட்டி அட்டைத் தொகுதிகள் நாலைத் தூக்கி வைக்கிறார்கள். காலைக்குள் படிந்துவிடும்!

அடுத்து, அடுக்கும் கலை. புது வரவு மேசையில் முகம் காட்டிப் படுக்கும். பழைய பதிப்புகள் அலமாரியில் முதுகு காட்டி நிற்கும். சின்ன விலைப் புத்தகங்கள் பில் போடும் இடத்துக்குப் பக்கத்தில். எல்லாரும் கேட்டு வரும் புத்தகத்தைச் சிலர் வாசலில் வைக்கவே மாட்டார்கள். உள்மூலைக்கு அனுப்பிவிடுவார்கள். அதைத் தேடிப் போகிறவர் வழியில் இன்னும் பத்தைத் தொட்டுப் பார்க்காமலா போவார்?

'பொன்னியின் செல்வன்' கதை தனி. கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஒரே நாவல், எத்தனை அட்டை, எத்தனை விலை! எல்லாருமே 10 சதவீதத் தள்ளுபடி தருவதால், போட்டி தாளிலும் எழுத்தின் அளவிலும் கட்டின் உறுதியிலும்தான்.

இத்தனை அமளியும் எங்கே தொடங்கியது தெரியுமா? 1977-இல், அண்ணா சாலை மதரஸா-இ-ஆஜம் பள்ளியில், வெறும் 22 அரங்குகளோடு! பிறகு காயிதே மில்லத் கல்லூரி, செயின்ட் ஜார்ஜ் பள்ளி என்று இடம் மாறி மாறி நந்தனம் வந்தது. இப்போது சுமார் 900 அரங்குகள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் புத்தகங்கள் ஊறிப்போன பிறகும் இது நின்றுவிடவில்லை. பொங்கல் சமயத்தில் நடக்க வேண்டியதை 2016 ஜூனில் தீவுத்திடலில் நடத்திக் காட்டினார்கள்.

இங்கே நடக்கும் வித்தைகள் எல்லாமே பழையவை என்பதுதான் எனக்குப் பெரிய குதூகலம்! "முன்பதிவு செய்தால் சலுகை விலை" என்று பதிப்பகங்கள் அறிவிக்கின்றனவே, உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் அப்படித்தான். புத்தகம் வாங்குவதாக முன்கூட்டியே கையொப்பம் பெற்று அச்சுச் செலவுக்கு வழி தேடினார். நாளை வாசலில் நின்று "உள்ளே வாங்க சார், பாருங்க!" என்று அழைக்கப் போகும் அந்த இளைஞருக்கும் முன்னோடிகள் உண்டு. அந்தக் காலத்தில் காலணாவுக்கும் அரையணாவுக்கும் 'குஜிலி' என்ற மலிவுப் பாட்டுப் புத்தகம் விற்றவர்கள், சந்தையிலும் திருவிழாவிலும் பாடிக் காட்டியே விற்றார்கள்.

மைதானத்துக்கு வெளியே, அண்ணா சாலை நடைபாதையில், இன்னொரு கூட்டம் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருக்கிறது. பழைய புத்தகக்காரர்கள்! பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன, 1985-இல் தீக்கிரையான மூர் மார்க்கெட்டின் குணம் அப்படியே அங்கே உயிரோடு இருக்கிறது. குவியலில் கை விட்டுத் துழாவ வேண்டும், பேரம் பேச வேண்டும், அச்சில் இல்லாத ஒன்றைக் கண்டெடுத்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் விலை கேட்க வேண்டும்!

புத்தகம் தானாக விற்றதே இல்லை. யாரோ ஒருவர் சுமந்து, பிரித்து, அடுக்கி, கூப்பிட்டுக் கையில் கொடுத்துத்தான் அது வாசகரிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்த ஆள் நாளை மேசைக்குப் பின்னால் நிற்பார். ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் அவருக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ஆகவே வேலை நாளில், திறந்த கையோடு போய்விடுங்கள். விலையைக் கேட்கும் முன், "நீங்க சமீபத்துல படிச்சதுல எது பிடிச்சது?" என்று கேளுங்கள். பட்டியலிலும் பதாகையிலும் இல்லாத ஒரு புத்தகத்தை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து நீட்டுவார். யோசிக்காமல் வாங்கிவிடுங்கள்!